பின் ஆக்சில் டிஃபரன்ஷியல்: வீட்டிலேயே மாற்ற முடியுமா? 60க்கு மேல் ஊளைச் சத்தம்

இரண்டாம்கியர்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டி. 17 வயது, மீட்டரில் 2,10,000 கி.மீ. இரண்டு மாதமாக 60ஐத் தாண்டினால் பின்னாலிருந்து ஓர் ஊளை. முதலில் டயர் என்று நினைத்தேன். இப்போது 80இல் போனால் பின் சீட்டில் இருப்பவர் பேசுவது முன்னால் கேட்பதில்லை.

பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'கிரவுன் போயிடுச்சு, மாத்தணும்' என்றார்கள். அவ்வளவுதான் விளக்கம். (என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்தான் கிரவுன், அதைச் சுழற்றும் சின்னது பினியன்.)

பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், வாட்டர் பம்ப் எல்லாம் நானே மாற்றியிருக்கிறேன். ஜாக்கி, நான்கு ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் இருக்கிறது. இது நம்மால் ஆகுமா? கிரவுனும் பினியனும் மட்டும் வாங்கிப் போடுவதா, முழு டிஃபரன்ஷியலையும் மாற்றுவதா?

பழைய_ஸ்பேனர்

தம்பி, கழற்றுவது அப்புறம். முதலில் அது கிரவுன்தானா என்று பாருங்கள். பின்னால் சத்தம் வந்தாலே கிரவுன் மேல் பழி போடுவது நம் தொழிலில் பழைய வழக்கம். முப்பது வருடம் பட்டறையில் இருந்தவன், நானும் போட்டிருக்கிறேன்.

நல்ல சாலையாகப் பார்த்து 70இல் போங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கும்போது சத்தம் எப்படி, காலை எடுத்ததும் எப்படி என்று கவனியுங்கள். இரண்டுக்கும் ஸ்வரம் மாறினால் பினியன் பக்கம் சந்தேகப்படலாம். பல்லின் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குச் சுமை மாறுவதால் வரும் மாற்றம் அது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்து, வண்டியை லேசாக இடமும் வலமும் வளைக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங். சாலை மாறும்போது சத்தமும் மாறினால் டயர். நேராகப் போகும்போது ஒன்றுமில்லாமல் திருப்பத்தில் மட்டும் கரகரத்தால் திருப்பத்தில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்கள்.

பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஆயில்கறை

ஸ்பேனர் ஐயா சொன்னதோடு இன்னொன்று. ஆயிலைப் பாருங்கள். ஆனால் டிரெய்ன் பிளக்கில் கை வைப்பதற்கு முன், மேலே இருக்கும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதினேழு வருடம் தொடாத பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலை வடித்த பிறகு அது கழலவில்லை என்றால் ஊற்ற வழியில்லாமல் வண்டி நிற்கும். எனக்கு ஒருமுறை நடந்தது. அன்றிலிருந்து மேல் பிளக்தான் முதலில்.

வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பிளக்கைக் கழற்றிச் சுண்டுவிரலை மடக்கி உள்ளே விடுங்கள். துளையின் கீழ் விளிம்பிலேயே ஆயில் விரலில் படவேண்டும்.

இரண்டாம்கியர்

பார்த்தேன். மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் சத்தம் இறங்கி வேறு மாதிரி ஒரு கரகரப்பு. வளைத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டும் பார்த்தேன், அதே சத்தம்.

ஆயில்கறை அண்ணா, விரல் முழுக்க விட்டும் ஆயில் படவில்லை! வடித்ததில் அரை லிட்டருக்கும் கொஞ்சம் கூட. கையேட்டில் 1.8 லிட்டர் என்று இருக்கிறது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு, அதற்குள் நகம் வெட்டிப் போட்டது போல மூன்று நான்கு சில்லுகள்.

ஆயில்கறை

அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை :)

களிம்பு எல்லா வண்டியிலும் இருக்கும், அது சாதாரணத் தேய்மானம். விரலால் தேய்த்தால் மாவு போல இருக்கும். சில்லு இருப்பது நல்லதல்ல. எங்கிருந்தோ உரிந்து வந்திருக்கிறது.

மிச்ச ஆயில் எங்கே போனது என்பதுதான் இப்போது கேள்வி. ஹவுசிங், அதாவது வெளிக்கூடு, அதன் மேலே ஒரு சின்ன மூடி மாதிரி பிரீதர் இருக்கும், அது அடைத்திருக்கிறதா பாருங்கள். ஓட ஓட ஆயில் சூடாகிக் காற்று விரிகிறது. வெளியேற வழியில்லாவிட்டால் ஆயில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பினியன் சீல் பக்கம் கறுப்பாக ஈரம் இருக்கிறதா?

இரண்டாம்கியர்

மன்னிக்கவும் அக்கா. ஆமாம், பிரீதர் சேற்றில் மூடிக் கல்லாக இருந்தது. பினியன் மூக்கு முழுக்கத் தூசியும் ஆயிலும் சேர்ந்து கட்டியாக ஒட்டியிருக்கிறது.

புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் மெலிந்தது, போகவில்லை.

பழைய_ஸ்பேனர்

போகாது. உரிந்த உலோகத்தை ஆயில் ஒட்டவைக்காது. ஆயில் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது பினியனின் முன் பேரிங். கிரவுன் சுற்றும்போது வாரி இறைக்கும் ஆயில்தான் ஒரு வாய்க்கால் வழியாக அங்கே போய்ச் சேரவேண்டும். கீழே ஆயில் இல்லை என்றால் கடைமடைக்குத் தண்ணீர் வராத கதைதான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் செய்வதென்றால் முழு டிஃபரன்ஷியலாக மாற்றுங்கள். கிரவுனும் பினியனும் மட்டும் வாங்கி உட்காரவைக்கும் வேலைக்கு இப்போது போகவேண்டாம்.

காரணம் இது. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காரவேண்டும் என்பதை ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையம் முடிவு செய்கிறது. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விடவேண்டிய விளையாட்டு, அதுதான் பேக்லாஷ், பெரும்பாலான கார்களில் 0.13 முதல் 0.20 மி.மீ. வரை. ஏறக்குறைய இரண்டு தலைமுடித் தடிமன். அதை நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துத்தான் அளக்கமுடியும். அப்புறம் பினியன் பேரிங்குக்கு முன்சுமை, அதாவது ஆட்டம் இல்லாதபடி அதை முன்கூட்டியே அழுத்தி வைப்பது. பல வண்டிகளில் உள்ளே ஒரு நசுங்கும் ஸ்லீவ் இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி, பினியன் குறிப்பிட்ட கனத்தில் சுழலும் நிலைக்கு வரும். ஒரு நூல் அதிகம் இறுக்கினால் திரும்பித் தளர்த்தமுடியாது, புது ஸ்லீவ் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். கடைசியாகப் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, அச்சு பல்லின் நடுவில் விழுகிறதா என்று படிக்கவேண்டும். விழாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி ஷிம் மாற்றவேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஊளை வரலாம். என் கையாலேயே வந்திருக்கிறது.

நட்டுபோல்ட்டு

ஐயாவை மறுத்துப் பேச எனக்கு வயதில்லை. ஆனாலும் நான் வீட்டிலேயே கிரவுன் பினியன் போட்டேன். முதல் தடவை ஊளை. இரண்டாவது தடவை காலை எடுத்தால் ஊளை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கி இரண்டு பேரிங்கைப் பாழாக்கினேன். கற்றுக்கொள்ள ஆசை, வேறு வண்டி, பொறுமை மூன்றும் இருந்தால் செய்யலாம். திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போகவேண்டும் என்றால் வேண்டாம்.

இரண்டாம்கியர்

புரிந்தது, முழுதாகவே மாற்றுகிறேன். பழைய வண்டிகள் பிரிக்கும் இடத்தில் இதே மாடலின் டிஃபரன்ஷியல் ஒன்று இருக்கிறதாம். என் ஹவுசிங்கின் பின்பக்கம் மூடி எதுவும் இல்லை, வழவழப்பான உருண்டை. முன்பக்கம் சுற்றிலும் 10 நட். வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

பழைய_ஸ்பேனர்

அப்படியென்றால் நல்லது, உங்களுடையது பேன்ஜோ ஹவுசிங். மொத்த டிஃபரன்ஷியலும் ஒரே உருப்படியாக முன்னால் கழன்று வரும். பின்னால் மூடி இருக்கும் வகையாக இருந்தால் கியரெல்லாம் ஹவுசிங்கோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதில் முழு ஆக்சிலையே மாற்றுவதுதான் சுலபம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது முதலில் விகிதம், அதாவது கிரவுன் ஒரு சுற்றுச் சுற்ற பினியன் எத்தனை சுற்று என்பது. ஒரே மாடல் என்பதை நம்பாதீர்கள். கியர்பாக்ஸ் வேறு, என்ஜின் வேறு என்று ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று விகிதம் வரும். வெளியே இருப்பதில் கிரவுனையும் பினியனையும் பல் எண்ணிவிடலாம். 41க்கு 10 என்றால் 4.1. 43க்கு 10 என்றால் 4.3.

உங்கள் வண்டியில் இருப்பதைக் கழற்றாமலே எண்ண ஒரு வழி. பின்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்திருக்கட்டும். கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் புரொபெல்லர் ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு. ஒரு சக்கரத்தை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றதைச் சரியாக 20 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது கிரவுன் அதில் பாதிதான் சுற்றும், அதாவது 10. ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் 4.1, 43 வந்தால் 4.3. இரண்டே சுற்றில் கணக்குப் பார்க்காதீர்கள், கால் சுற்று வித்தியாசத்தில் கண் ஏமாற்றிவிடும்.

ஆயில்கறை

தூக்கியிருக்கும்போதே இன்னொரு சோதனையும் முடித்துவிடுங்கள். கியரில் போட்டுவிட்டு ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்றவேண்டும். சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். அசையவே மறுத்தால், இரண்டு சக்கரமும் தனித்தனியே ஓடிவிடாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையாக இருக்கலாம், அதற்குத் தனிச் சேர்மானம் கலந்த ஆயில் தேவை.

வாங்கப்போகும் உருப்படியின் பினியன் ஃபிளேஞ்சை, அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து மாட்டும் வட்டத் தகட்டை, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது சொரசொரப்பு தட்டினால் வேண்டாம். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆடவே கூடாது. பல்லின் மேல் குழிவிழுந்த புள்ளிகள், நீலம் பாய்ந்த நிறம், இரண்டில் எது இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாம்கியர்

நல்லவேளை எண்ணினேன்! என் வண்டியில் ஷாஃப்ட் 41 சுற்று. அங்கே இருந்தது 43 பல். 'எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டுக்கலாம்' என்றார்கள். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நட்டுபோல்ட்டு

ஓடும். ஆனால் அதே வேகத்துக்கு என்ஜின் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். 2500இல் ஓடிய இடத்தில் 2620. மேட்டில் இழுவை நன்றாக இருக்கும், நெடுஞ்சாலையில் சத்தமும் எரிபொருளும் கூடும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வந்தால் அதுவும் 5 சதவீதம் பொய் சொல்லும். நான்கு சக்கர இயக்கமாக இருந்தால் கதையே வேறு, முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இரண்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும்.

இரண்டாம்கியர்

வேறு இடத்தில் 41க்கு 10 கிடைத்துவிட்டது. பல் சுத்தமாக இருக்கிறது, பினியன் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. வரும் சனிக்கிழமை ஆரம்பிக்கிறேன். எந்த வரிசையில் செய்வது?

பழைய_ஸ்பேனர்

வரிசைக்கு முன்னால் ஒரு விஷயம். இதைப் பொறுமையாகப் படியுங்கள் தம்பி.

வண்டி நகராமல் இருக்க நாம் நம்புவது இரண்டு. ஒன்று கியர், ஒன்று ஹேண்ட்பிரேக். இந்த வேலையில் இரண்டுமே செத்துவிடும். புரொபெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நொடி கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். அந்தச் சக்கரம் அந்தரத்தில் இருக்கிறது, டிரம்மையும் கழற்றியிருப்பீர்கள். மிச்சம் இருப்பது முன்சக்கரத்துக்கு வைத்த கட்டை மட்டும்தான். ஆகவே இரண்டு முன்சக்கரத்துக்கும், முன்னும் பின்னும், நல்ல கட்டையாக வையுங்கள். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். தரை கான்கிரீட்டாகவும் சமமாகவும் இருக்கட்டும்.

ஸ்டாண்டை ஆக்சில் குழாயின் இரு முனையிலும், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஜாக்கியை நடு உருண்டையில் கொடுத்து நிறுத்திவிட்டு வேலை செய்யாதீர்கள், நீங்கள் கழற்றப்போவதே அங்கேதான்.

நட்டுபோல்ட்டு

நான் ஸ்டாண்டைச் சேஸிஸில்தான் வைப்பேன், கீழே இடம் தாராளமாக இருக்கும்.

பழைய_ஸ்பேனர்

வையுங்கள். ஆனால் அப்போது ஆக்சில் ஷாக் அப்சார்பரில் தொங்கும், பிரேக் ஹோஸ் இழுபடும். அதையும் தாங்கிக்கொள்ள அடியில் இன்னொரு முட்டு வேண்டும். அதற்குத்தான் சொன்னேன்.

ஆயில்கறை

வரிசையை நான் எழுதுகிறேன். ஆயிலை வடித்துவிடுங்கள். சக்கரம், டிரம், ஹேண்ட்பிரேக் கேபிள். வீல் சிலிண்டரில் பிரேக் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். குழாயைக் கழற்றாமல் வளைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம், அது மடங்கிப்போகும். பிரேக் ஷூ உட்காரும் பேக்கிங் பிளேட்டின் நான்கு நட்டைக் கழற்றினால் ஆக்சில் ஷாஃப்ட் பேரிங்கோடு வெளியே வரத் தயார்.

வராது :) இறுகியிருக்கும். டிரம்மைத் திருப்பிப் போட்டு வீல் நட்டை நாலு மரை மட்டும் மாட்டி, இரண்டு கையாலும் டிரம்மை வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுங்கள். டிரம் நட்டில் போய் மோதும் அதிர்ச்சியில் ஷாஃப்ட் கிளம்பும். பதினைந்து இருபது செ.மீ. வந்தால் போதும், உள்முனை டிஃபரன்ஷியலின் சைடு கியரை விட்டு விலகியிருக்கும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவது: ஷாஃப்டை வெளியே இழுக்கும்போதும் உள்ளே தள்ளும்போதும் அதன் கனம் ஆயில் சீலின் உதட்டில் உட்காரக்கூடாது. ஷாஃப்டின் உள்முனையில் வெட்டிய வரிப்பல், அதாவது ஸ்பிளைன், அதன் பல் கத்தி மாதிரி. ஒரு கையால் தாங்கிக்கொண்டே நடுவாக நகர்த்துங்கள். எப்படியும் இரண்டு பக்கமும் புது சீல் போட்டுவிடுங்கள்.

புரொபெல்லர் ஷாஃப்டின் ஃபிளேஞ்சிலும் பினியன் ஃபிளேஞ்சிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். புது உருப்படியில் அந்தக் கோடு இருக்காதுதான். ஆனால் அதிர்வு வந்தால் ஷாஃப்டை 180 பாகை திருப்பிப் போட்டுப் பார்க்க ஒரு அடையாளம் வேண்டும்.

நட்டுபோல்ட்டு

இறக்கும்போது கவனம். கிட்டத்தட்ட 30 கிலோ, அதுவும் மூக்குப் பக்கம் சாயும். நான் மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சில் தாங்கிவிடலாம் என்று வீரம் காட்டினேன். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. மேலே இருக்கும் இரண்டு நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலு மரையில் விட்டுவையுங்கள். விளிம்பில் மரச்சுத்தியால் தட்டினால் பசை விட்டு ஒரு விரற்கடை முன்னால் வந்து, அந்த நட்டில் தங்கி நிற்கும். அடியில் ஜாக்கி, ஜாக்கி மேல் பள்ளம் வெட்டிய மரக்கட்டை. அதில் உட்காரவைத்த பிறகு மேல் நட்டுகளை எடுத்து, நேராக முன்னால் இழுத்து, அப்புறம் கீழே. ஸ்டட் எல்லாம் விலகும் முன் இறக்கினால் மரை நசுங்கும்.

இரண்டாம்கியர்

முடித்துவிட்டேன்! ஒரு நாள் வேலை என்று நினைத்தேன், இரண்டு சனிக்கிழமை, ஒரு ஞாயிறு.

புரொபெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டில் மூன்று பத்து நிமிடத்தில் வந்தது. நான்காவதுக்கு மூன்று மணி நேரம். ஆயில் ஊற்றி ஊறவைத்து, சூடு காட்டி, கடைசியில் நீளமான குழாயை ரிங் ஸ்பேனரில் மாட்டி மிதித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் உடைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். கழன்றிருந்தது.

டிரம்மைத் திருப்பிப் போட்டு இழுக்கும் வித்தை இரண்டாவது இழுப்பிலேயே வேலை செய்தது. ஹவுசிங் உள்ளே துணி விட்டுத் துடைத்தேன், அடியில் இன்னும் சில்லு கிடந்தது. பழைய பசையைச் சுரண்டி, புதுச் சீலன்ட் கோடு ஒவ்வொரு ஸ்டட்டையும் உள்பக்கமாகச் சுற்றி. புதுச் செம்பு வாஷர், நட்டுகளை எதிரெதிராகக் கையேட்டு அளவுக்கு இறுக்கினேன். இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள் வண்டியைத் தரையில் இறக்கி, சமமாக நிறுத்தி, 80டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயில், துளையில் வழியும் வரை. பிரேக்கில் காற்று எடுத்தேன். பிரீதர் புதிது.

அந்த ஆயில் ஏன் அழுகிய முட்டை மாதிரி நாறுகிறது? இரண்டு நாளாகக் கையில் போகவில்லை.

20 கி.மீ. ஓட்டினேன். 80இல் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

பழைய_ஸ்பேனர்

சபாஷ். அந்த நாற்றம் கந்தகம். ஹைபாய்டு கியரில் பினியன் கிரவுனின் நடுவுக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும். சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும், கந்தகச் சேர்மானம்தான் பல்லைக் காக்கிறது. கையேடு இந்தச் சேர்மானம் குறைவான ஜிஎல்-4 ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் மட்டும் இதை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது.

நூறு கி.மீ. கழித்து டிரம் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாம்கியர்

ஐயா, வாயில் சர்க்கரை போடுவதா என்ன செய்வதென்று தெரியவில்லை. இடதுபக்க டிரம்மிலிருந்து சொட்டு. திறந்தால் ஷூ முழுக்கக் கியர் ஆயில். சீலைக் கழற்றிப் பார்த்தால் உதட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. ஸ்பிளைன் பட்ட இடம் அச்சாகத் தெரிகிறது. வலதுபக்கம் போடும்போது மகன் ஷாஃப்டைத் தாங்கினான். இடதுபக்கம் போடும்போது இருட்டிவிட்டது, தனியாகத் தள்ளினேன்.

ஆயில்கறை

ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லைனிங் குடித்த ஆயில் சூடானால் மறுபடி கக்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் புது ஷூ. சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிவிட்டு, இந்தத் தடவை பகலில்.

இரண்டாம்கியர்

ஆயிற்று அக்கா. புது சீல், புது ஷூ, பட்டப்பகல், மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். 300 கி.மீ. ஓடிவிட்டது, டிரம் காய்ந்து கிடக்கிறது.

பழையதை நேற்று பிரித்துப் பார்த்தேன். கிரவுனில் ஒரு பல் கூடப் போகவில்லை, பளபளவென்று இருக்கிறது. ஸ்பேனர் ஐயா சொன்ன அந்த முன் பேரிங்தான். உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழி, வெளிவளையத்தில் ஓரிடம் தோலுரிந்திருக்கிறது. காந்தத்தில் இருந்த சில்லை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது.

நட்டுபோல்ட்டு

அந்தக் கிரவுனையும் பினியனையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்து ஆயில் தடவிக் கட்டி வையுங்கள், ஜோடி பிரியக்கூடாது. நாலு பேரிங், ஒரு நசுங்கும் ஸ்லீவ், ஒரு டயல் கேஜ் வாங்கினால் உட்கார்ந்து பழக உருப்படி தயார். அவசரம் இல்லாத வேலை.

இரண்டாம்கியர்

கட்டிவைத்துவிட்டேன். டயல் கேஜ் எதை வாங்குவது என்று சொல்லுங்கள்.